இரட்டைப் பிறவிக்கு நரி பொய் சொல்லும்

அக்குந்தியோ வீட்டில் விளையும் வேர்க்கடலையில் பாதி நரிக்குப் போகிறது என்று அவன் மனைவி சந்தையில் நின்று பத்துப் பேர் கேட்கச் சொல்லுவாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள். ஆனால் இல்லாததைச் சொல்ல மாட்டாள். முப்பது வருடமாக, மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம், வெயில் தாழ்ந்ததும் அவன் மடி நிறையக் கடலையோடு பாறையூரிலிருந்து இறங்கி மலையடி மணலுக்குப் போய்விடுவான். கையால் மணலைத் தடவிச் சமமாக்கி, விரலால் கட்டம் கட்டமாகக் கோடிழுப்பான். ஒரு கட்டம் படைத்தவனுக்கு, ஒன்று மனிதருக்கு, ஒன்று கேட்க வந்த காரியத்துக்கு. கூழாங்கல் வைத்தால் வீடு. குச்சி நட்டால் ஆள். மணலைக் குவித்தால் சாவு. கடைசியில் கடலையை இறைத்து, "வாடா மாப்ளே, வந்து சொல்லிட்டுப் போ" என்று நரியை அழைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவான். இருட்டியதும் நரி வந்து கடலையைத் தின்னும். எந்தக் கட்டத்திலிருந்து எங்கே நடந்தது, எந்தக் குச்சியைத் தட்டிவிட்டது, எதைத் தொடாமல் சுற்றிப் போனது என்பதெல்லாம் மணலில் பதிந்திருக்கும். விடிந்ததும் போய்ப் படித்தால் அதுதான் பதில்.

பெண் எடுக்கலாமா, ஆடு விற்கலாமா, தெற்கே தங்கச் சுரங்கத்துக்குப் பையனை அனுப்பலாமா என்று எல்லாவற்றுக்கும் நரியைத்தான் கேட்டார்கள். ஒருவன் தன் இரண்டாம் மனைவிக்குத் தன்மேல் ஆசை உண்டா என்று சந்தைக்குச் சந்தை கேட்டுக்கொண்டிருந்தான். நாலாம் சந்தையில் நரி அவன் கட்டத்தின் நட்டநடுவில் புழுக்கை போட்டுவிட்டுப் போனது. அதைப் படிக்க அக்குந்தியோ தேவைப்படவில்லை. ஊரே படித்துவிட்டது.

பாறையூரில் மணல் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அக்குந்தியோ, மற்றவர் அவனுக்கு ஏழு வயது மூத்த சாகூ. தன் வீட்டுக்குத் தானே பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் சாகூ வீட்டுக் கேள்விக்கு அக்குந்தியோ கட்டம் போடுவான், இவன் வீட்டுக் கேள்விக்கு அவர் போடுவார். இருவரும் ஒருவர் கோட்டை ஒருவர் கேலி பேசியே கிழவர்கள் ஆனார்கள். "உன் கோட்டைப் பாத்தா நரி குடிச்சிட்டு வந்ததா, நீ குடிச்சிட்டுப் போட்டியான்னு தெரியலடா" என்பார் சாகூ.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் அக்குந்தியோவின் கழுத்தில் விழுந்தது. அதற்கு ஆதிக்கதைக்குப் போக வேண்டும்.

படைத்தவன் உலகத்தை முதலில் ஒரு முட்டைக்குள் வைத்திருந்தான். எல்லா உயிரும் ஜோடி ஜோடியாக, ஆணொன்று பெண்ணொன்றாக இரட்டையாய்ப் பிறக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. உள்ளே ஒருவனுக்கு மட்டும் பொறுமை இல்லை. நாள் நிறையுமுன் நஞ்சுக்கொடியை ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வெளியே குதித்துவிட்டான். அந்தத் துண்டுதான் காய்ந்து நாம் நடக்கிற இந்த மண்ணானது. பாறையூர்க் கல்லைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது. குதித்தவனுக்கு அப்புறம்தான் கூடப்பிறந்தவள் ஞாபகம் வந்தது. திரும்பி ஏறிப்போய்த் தேடினான். அதற்குள் படைத்தவன் அவளை வேறிடத்தில் ஒப்படைத்துவிட்டான். திருட்டுக்குத் தண்டனையாக இவன் நாக்கை அறுத்து, நரியாக்கி, நடந்துகொண்டே இரு என்று விட்டுவிட்டான். அன்றிலிருந்து மனிதர்களும் பெரும்பாலும் ஒற்றையாகவே பிறக்கிறார்கள். நரி இன்னும் தேடுகிறது. எல்லோருக்கும் முந்தி வந்து எல்லாம் பார்த்ததால் அதற்கு நடக்கப்போவது தெரியும். நாக்கு இல்லாததால் பொய் சொல்ல வழியில்லை.

ஒரே ஒரு சாராருக்குத்தான் அது பொய் சொல்லும். தனக்குக் கிடைக்காத இரட்டை யாருக்குக் கிடைத்ததோ, அவர்களுக்கு. வயிற்றெரிச்சல். அதனால் இரட்டைப் பிறவிக்கு யாரும் கட்டம் போட மாட்டார்கள். அக்குந்தியோவோ யாசா என்கிற அக்காவோடு பிறந்தவன். அவள் அரைப்பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரம் முந்தி வந்துவிட்டாள். அந்த அரைப்பானையை வைத்து ஐம்பத்தெட்டு வருடமாக அவனை அதட்டிக்கொண்டிருந்தாள்.

வெங்காய அறுப்பு முடிந்த வாரம், மணற்சமவெளியில் வாழ்க்கைப்பட்ட அந்த யாசா கழுதைவண்டியில் வந்து இறங்கினாள். நலம் விசாரிப்பு ஆரம்பித்தது. வீடு நலமா, பிள்ளைகள் நலமா, ஆடு நலமா, பக்கத்து வீட்டு ஆடு நலமா என்று அது நீண்ட நீளத்தில் வண்டியிலிருந்த கீரை வாடிப்போனது. எல்லாவற்றுக்கும் "நலம், நலம்" என்றவள், கடைசியில் முற்றத்துக் கம்புக் குதிரில் சாய்ந்துகொண்டு, "நான்தான் நலமில்ல" என்றாள்.

துணியை விலக்கி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். இடப்பக்கம் ஒரு மேடு.

அக்குந்தியோவின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். போன கோடையில் சாகூவின் மனைவி யானெமுவுக்கு இதே இடத்தில் இதே மேடு வந்திருந்தது.

"நர்ஸம்மா பாத்துட்டா," என்றாள் யாசா. "மோப்தி ஆஸ்பத்திரிக்குப் போயி அறுத்து எடுத்துடணுமாம். தள்ளிப்போடாதன்னு சொல்றா. எம் புருஷன் நரியக் கேக்காம வண்டி கட்ட மாட்டேன்கிறான். நானும் கேக்காமப் போக மாட்டேன். வயித்தக் கிழிச்சுக்கப் போறவ சும்மாவா போவா? கேளு உன் மாப்பிள்ளைய."

"உனக்கு நான் கேக்கக் கூடாதுக்கா. உனக்கு யாருமே கேக்கக் கூடாது."

"சாகூ?"

"அவரு யானெமு போனதுக்கப்புறம் மணல் பக்கமே வர்றதில்ல."

"அப்போ நீதான்."

"நாம ரெட்டைக்கா."

"அது நரிக்கு யாரு சொல்லப்போறா? எங்க ஊர்ல என் ஓரகத்தி இருக்கா, எலிப்பல்லி. அவ பேர்ல கேளு. அவ வீட்டுக் கல்ல வையி. நரி வந்து முகத்தையா பாக்கப்போவுது, கடலையத்தான பாக்கும்."

அவன் இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதை அவன் பார்த்துவிட்டான். அந்த முகம் அவனுக்குத் தன் முகத்தைவிட நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவன் கட்டம் போட்டான். ஓரகத்தி வீட்டுக்குக் கூழாங்கல், எலிப்பல்லி என்ற பேரில் யாசாவுக்குக் குச்சி, ஆஸ்பத்திரிக் கத்திக்கு ஒரு முள். ஒரு மூலையில் சாவு மேடு. கடலையை இறைக்கும்போது, "எலிப்பல்லிக்குத்தான் கேக்குறேன்" என்று தேவையில்லாமல் ஒரு வார்த்தை சொன்னான். சொன்ன பிறகுதான் பொய்யனின் பேச்சு மாதிரி அது தன் காதிலேயே விழுந்தது.

மறுநாள் நரி வரவில்லை. கடலை கடலையாகவே கிடந்தது. அடுத்த நாள் வந்தது ஒரு வெள்ளாடு. குறுக்கும் நெடுக்குமாக மிதித்து, கத்தி முள்ளையும் தின்றுவிட்டுப் போயிருந்தது.

"ஆடு கத்தியத் தின்னுடுச்சுன்னா அர்த்தம் என்ன?" என்று கேட்டாள் யாசா.

"ஆட்டுக்குப் பசின்னு அர்த்தம்."

"நல்லவேளை, ஒண்ணாவது உனக்குத் தெரிஞ்சிருக்கு."

மறுபடி கட்டம் போட்டு வேறு முள் நட்டான்; மூன்றாம் நாள் விடியலில் தடம் இருந்தது. அக்குந்தியோ மணலோரத்தில் குந்தினான்; குந்திய இடத்தைவிட்டு எழவில்லை. நரி எங்கேயும் தயங்கவில்லை. கூழாங்கல்லிலிருந்து புறப்பட்டு, முள்ளைத் தட்டிச் சாய்த்து, நேராகச் சாவு மேட்டில் ஏறி இறங்கிப் போயிருந்தது. கத்தி பட்டால் சாவு. சின்னப் பிள்ளை பார்த்தாலும் வேறு மாதிரி படிக்க முடியாத தடம்.

இது நரியின் பொறாமையா, இல்லை உண்மையா? ஓரகத்தி பேரைச் சொன்னதில் நரி ஏமாந்திருந்தால் இது உண்மை. ஏமாறாமல் இருந்தால் இது பொய். நாக்கில்லாத பிராணியை ஏமாற்றப் போய், அது ஏமாந்ததா இல்லையா என்று கேட்க இன்னொரு நரி இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

முதுகுப் பக்கம் செருமல் கேட்டது. சாகூ. கயிறறுத்துக்கொண்டு போன ஆடு ஒன்றைத் தேடிக்கொண்டு இறங்கியவர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அக்குந்தியோ அவசரமாகத் துண்டை எடுத்து மணலை மூடப்போனான்.

"மூடாத. பாத்துட்டேன்" என்றார் சாகூ. "படிக்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன். கண்ணு கேக்கல." கோட்டோரமாகக் குனிந்தார். "எம் பொண்டாட்டிக்கு வந்த அதே தடம்."

"ஆமாண்ணே."

"யாருக்கு?"

"யாசா அக்காவுக்கு. வேற பேர்ல கேட்டேன்."

"ரெட்டைக்குக் கேட்டியா? நீயா?" சாகூ சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சரி. என்ன சொல்லப்போற அவகிட்ட? நீ எனக்குச் சொன்னதா? 'போகவேணாம்ணே, கத்தி பட்டா போயிடுவாங்க, வீட்டுப் பாயிலயே இருக்கட்டும்'னு?"

அக்குந்தியோ மூடவந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். அப்படியேதான் சொல்லியிருந்தான் போன கோடையில். வார்த்தைகூட மாறவில்லை. யானெமுவுக்கும் அதே நர்ஸ், அதே மோப்தி, அதே முள். சாகூ லாரியைத் திருப்பி அனுப்பினார். யானெமு இரண்டு மாதம் பாயில் கிடந்து போனாள். அந்நியர் கையில் சாகாமல் சொந்தப் பாயில் போனாளே என்று ஊர் ஆறுதல் சொன்னது.

"ரெட்டைக்கு நரி பொய் சொல்லும்ணே" என்றான் அக்குந்தியோ. குரல் அவனுக்கே கெஞ்சல் மாதிரி இருந்தது.

"சொல்லும். சொல்லும்னுதான் எங்கப்பனும் சொன்னான்." சாகூ ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்.

வீட்டில் யாசா குழம்புக்குப் பெருக்கமரத்து இலையை இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமல், "என்னடா சொல்லுது?" என்றாள்.

"போகலாம்னு சொல்லுது."

உலக்கை நின்றது. "எந்தக் கால முதல்ல வச்சுது?"

"என்னது?"

"நரி. எந்தக் காலு?"

"வலது."

"எங்க திரும்புச்சு?"

அவன் வாயைத் திறந்து மூடினான். முப்பது வருடம் மணலில் இருந்ததை மட்டும் சொன்ன வாய்; இல்லாததைச் சொல்லப் பழக்கமில்லை. உரலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். தடத்தைச் சொன்னான். சாகூ சொன்னதைச் சொன்னான். பொய்யா உண்மையா என்று தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னான்.

யாசா உலக்கையைச் சாத்திவைத்தாள்.

"நரிய விடு. நீ என்ன சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல? நான் பாக்குறவன்."

"அதான் கேக்குறேன். ஊரெல்லாம் வந்து நரி என்ன சொல்லுதுன்னு உன்னக் கேட்டாச்சு. நீ என்ன சொல்றன்னு எவளாவது கேட்டாளா? நான் கேக்குறேன். நான் போகட்டுமா, கிடக்கட்டுமா?"

யானெமுவின் பாய் அவன் கண்ணுக்குள் வந்தது. கடைசி வாரத்தில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது கேட்ட அந்தச் சத்தமும்.

"போ" என்றான். "நானும் வர்றேன்."

"செத்துட்டா?"

"செத்துட்டா நான் சொல்லித்தான் செத்த."

"நல்லாருக்குடா உன் தைரியம்" என்றாள். பிறகு மேல்துணியால் மூக்கைச் சிந்திவிட்டு உலக்கையை எடுத்தாள். "இந்த இலைய இடிச்சு வச்சுட்டுப் போறேன். உம் பொண்டாட்டி இடிச்சா குழம்பு இழையாது."

சந்தை லாரியில் மோப்தி போய்ச் சேர இரண்டு நாள். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் அக்குந்தியோ ஆறு நாள் கிடந்தான். கடலை வாங்கித் தின்னக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அறுத்த அன்று சாயங்காலம் ஒரு நர்ஸ் வெளியே வந்து அவன் பேரைக் கூப்பிட்டாள். "உங்க அக்கா கண்ணு முழிச்சிட்டாங்க. கஞ்சியில உப்பு இல்லன்னு சண்டை போடுறாங்க" என்றாள்.

எடுத்த கட்டி ஒரு பெருக்கங்காய் அளவு, ஒரு கைக்கு அடங்காது. அந்தச் செய்தி பாறையூருக்கு நடந்து வருவதற்குள் சுரைக்குடுவை ஆனது. மேலத்தெருவைத் தாண்டும்போது கன்றுக்குட்டி ஆகிவிட்டது. கீழத்தெருவில் கன்றுக்குட்டி கத்தியதைக் கேட்டவர்கள்கூட இருந்தார்கள். யாசா கால் பதித்து நடந்து ஊருக்குள் வந்த அன்று முரசு அடித்தார்கள், கம்பு பீர் பானை பானையாக இறங்கியது. "பாத்தீங்களா, ரெட்டைக்கு நரி பொய் சொல்லும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்று, அவன் மனைவி சந்தையில் அந்தத் தடத்தைச் சொல்லக் கேட்ட எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அக்குந்தியோவுக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஒவ்வொரு முறையும் வாக்கியத்தின் பாதியில் யானெமு வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் ஒற்றைப் பிறவி.

பீர் குடிக்க சாகூ வரவில்லை. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் ஆண்கள் பந்தலில் தனியாக உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கம்புத் தட்டையை எட்டடுக்குப் போட்டு, இடுப்பளவு உயரத்தில் நிறுத்திய கூரை அது. உட்கார்ந்து பேசத்தான் ஆகும். கோபத்தில் எழுந்தவன் மண்டையை இடித்துக்கொண்டு மறுபடி உட்கார்வான். அக்குந்தியோ குனிந்து உள்ளே போய் எதிரில் அமர்ந்தான்.

"அக்கா நல்லாருக்காளா?" என்றார் சாகூ.

"நல்லாருக்காண்ணே."

"சாப்புடுறாளா?"

"என் பங்கையும் சேத்துச் சாப்புடுறா."

கயிறு இரண்டு முழம் வளர்ந்தது. பிறகு சாகூ கயிற்றைக் கீழே போட்டார். "ஒரு வார்த்த சொல்லுடா. ரெண்டு தடமும் ஒண்ணு. ரெண்டு கட்டியும் ஒண்ணு. உங்கக்கா ரெட்டை, அவளுக்குப் பொய் சொல்லிச்சு. எம் பொண்டாட்டி ஒத்தை. அவளுக்கு உண்மையத்தான் சொல்லிச்சு. அவ போயிருந்தாலும் கத்தியிலதான் போயிருப்பா. அப்படித்தான?"

அக்குந்தியோ கீழே கிடந்த கயிற்று முனையை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தான்.

"அப்படித்தானடா?" சாகூ விருட்டென்று எழுந்தார். மண்டை கூரையில் மோதித் தட்டை உதிர்ந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறொரு நாளாயிருந்தால் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

"ஆமாண்ணே" என்றான் அக்குந்தியோ. "அப்படித்தான்."

சாகூ மூச்சு விட்டார். தாடியில் ஒட்டிய தட்டைத்தூளைத் தட்டிவிட்டார். ஒரு வருடமாக இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகினாற்போல இருந்தது.

"சரி. அப்போ இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு ஒரு கட்டம் போடு" என்றார். "எம் மகளுக்கு ஏழாம் மாசம். காலு ரெண்டும் பானையாட்டம் வீங்கிக் கிடக்கு, கண்ணு மங்குதுங்கிறா. நர்ஸம்மா மோப்திக்குக் கொண்டுபோகச் சொல்றா. போகலாமா வேணாமான்னு பாத்துச் சொல்லிடு. நீ சொன்னா போதும் எனக்கு."

அக்குந்தியோவின் மடியில் கடலை இருந்தது. பழக்கத்தில் காலையிலேயே அள்ளி முடிந்துகொண்டு வந்திருந்தான். போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாகூவின் மனம் ஆறியிருக்கும், முப்பது வருடத் தொழில் நிலைக்கும், யானெமு தன் விதியால் போனவளாகவே இருப்பாள். நரி ஒருவேளை நல்ல தடமே போடலாம். போடாமலும் போகலாம்.

"லாரி எப்பண்ணே?" என்று கேட்டான்.

"நாளைக்கு விடிகாலை."

"முதல்ல மகள ஏத்திடுங்க."

"கட்டம்?"

"கட்டம் அப்புறம். அவ போய்ச் சேரட்டும். நரி என்ன சொன்னாலும் ஏத்திடுங்கண்ணே."

சாகூவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. இளகியிருந்தது மறுபடி இறுகவில்லை. அது இடிந்து போனது. "அப்போ யானெமுவையும் ஏத்தியிருந்தா" என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கூரைக்குக் கீழே குனிந்து, வெயிலில் இறங்கிப் போனார்.

விடிகாலையில் அக்குந்தியோ லாரிக்குப் போனான். போகாமல் இருக்க முடியவில்லை. சாகூவின் மகளை மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து உட்காரவைத்திருந்தார்கள். கால்கள் இரண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. "வந்துட்டீங்களா சித்தப்பா, நரி என்ன சொல்லுச்சு?" என்று அவள் கேட்டாள்.

"நீ போயிட்டு வாம்மா" என்றான்.

கீழே கிடந்த துணிமூட்டையை எடுத்து மேலே நீட்டினான். சாகூ லாரியின் பக்கப்பலகைமேல் நின்றபடி அதை வாங்கிக்கொண்டார். மூட்டையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவனை மட்டும் பார்க்கவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினான். புழுதி அடங்கும் வரை அக்குந்தியோ அங்கேயே நின்றிருந்தான்.